பகல் வெளிச்சத்துக்காக ஒரு ரயில்: கொழும்பிலிருந்து சென்னைக்கு நேர் விமானமா, திருச்சி வழியா?

போன பதிவின் கீழே ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர் தன் தாயாரை அழைத்துக்கொண்டு மூன்று நாள் சென்னை போக வேண்டுமாம். கொழும்பிலிருந்து நேரே விமானத்தில் போவதா, அல்லது திருச்சிக்குப் பறந்து அங்கிருந்து பகல் ரயிலைப் பிடிப்பதா, எது நல்லது என்பது கேள்வி. ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் வெறும் பதிலைச் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள். விலையையும் நேரத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டு, நாங்கள் செய்ததையே செய்வீர்கள். அதனால் முழுவதையும் எழுதுகிறேன், மனமில்லாமல்தான். அழகான படங்களும் சாப்பாட்டுக்கடை விவரங்களும் தேடி வந்தவர்கள் என் நுவரெலியாப் பதிவுக்குப் போய்விடலாம். அதில் நான் நல்ல மனநிலையில் இருந்தேன்.

பயணம் 2007 ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை. போனவர்கள் இரண்டு பேர்: நானும் என் அப்பாவும். நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அப்பா நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கப் போனது அண்ணாவை. அவர் பத்தொன்பது வயதில் நாட்டை விட்டுப் போய், இப்போது சுவிஸில் ஒரு உணவகத்தின் சமையல்கட்டில் வேலை செய்கிறார். போன நாளுக்குப் பிறகு நாங்கள் அவரை நேரில் கண்டதில்லை. அவரிடம் இருக்கும் அகதிப் பயணப் பத்திரத்தோடு உலகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டைத் தவிர. இந்த வரிசையில் நிற்கிற குடும்பங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்களுக்கெல்லாம் சென்னைதான் வரவேற்பறை. கலியாணம் என்றாலும் அங்கேதான், செத்த வீட்டுக்குப் பிறகு கட்டிப்பிடித்து அழுவதென்றாலும் அங்கேதான்.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் அப்பாவின் கண். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு போய்க்கொண்டிருந்தது. களுபோவிலையில் பார்த்த கண் டாக்டர் நேர்மையான மனிதர். போனது போனதுதான், மிச்சமிருப்பதும் இந்த வருடத்தைத் தாண்டாது என்று சொல்லிவிட்டார். அப்போது அப்பாவுக்கு இருந்த பார்வை இவ்வளவுதான்: பகல் வெளிச்சம் வேண்டும், ஆள் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பி ஒரு முழத் தூரத்தில் இருக்க வேண்டும், அப்படியென்றால் முகம் தெரியும். குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் அவருக்கு நிழல்தான். டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்ததும் அப்பா சொன்னது இதுதான்: "மூத்தவனை ஒருக்காப் பாத்திட்டனெண்டால் காணும் பிள்ளை. பிறகு என்னெண்டாலும் ஆகட்டும்."

அண்ணா பத்து நாள் லீவு எடுத்து சென்னைக்கு வந்துவிட்டார். எங்கள் விசாதான் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் ஓடி, வியாழன் பிற்பகல் கடவுச்சீட்டுகள் கைக்கு வந்தன. அண்ணாவின் விமானம் வெள்ளி இரவு ஒன்பது நாற்பதுக்கு. அந்த டிக்கெட்டை மாற்ற முடியாது. திங்கட்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் வேலையும் இல்லை. விசாக் கந்தோரிலிருந்து அப்படியே அப்பாவையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு ஓடினேன். எங்கள் ரிக்கற் ஏஜென்ட் செல்வம் அங்கேதான் கடை வைத்திருக்கிறார். பதுளைப் பக்கத்து ஆள், கொழும்புக்கு வந்து இருபது வருடம்.

"டிரெக்ட் பிளைட் காலையில ஃபுல் மிஸ்," என்றார். "பின்னேரம் மூன்றரைக்கு ரெண்டு சீட் இருக்கு. அஞ்சுக்குக் கிட்ட எறங்கும், வெளிய வர ஆறாகிரும். இல்லாட்டி காலையில ஏழரைக்கு திருச்சி பிளைட். அங்கேர்ந்து ஒம்பது அம்பதுக்கு ட்ரெயின் இருக்கு, ரெண்டே முக்காலுக்குத் தாம்பரத்துல எறங்கலாம்."

"எது நல்லம்?"

"ரெண்டுலயும் ஜனங்க போறாங்க வர்றாங்க மிஸ். ஒங்களுக்கு எது வசதின்னு நீங்கதான் பாக்கணும்."

நேர் விமானம் போய்வர ஆளுக்குப் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபா, திருச்சி பதினையாயிரத்து இருநூறு. நாங்கள் முடிவெடுத்தது அந்த வித்தியாசத்தைப் பார்த்தல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் போனால் ஆறு மணிக்கு வெளியே வந்து, விமான நிலைய வாசலில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே அண்ணாவோடு ஒன்றரை, இரண்டு மணி நேரம் நிற்கலாம். ரயிலில் போனால் மூன்றரைக்கெல்லாம் அண்ணா தங்கியிருந்த வளசரவாக்கம் வீட்டில் இருக்கலாம். ஒரு அறை, உட்கார ஒரு கதிரை, ஜன்னல்.

"அங்கை எத்தினை மணிக்கு இருட்டும்?" என்று அப்பா செல்வத்திடம் கேட்டார்.

"நம்ம ஊரு மாதிரித்தான் ஐயா, ஆறரை."

"அப்ப ரயில்," என்றார் அப்பா. நானும் அதையேதான் நினைத்தேன்.

அதிகாலை மூன்றரைக்கு செல்வத்தின் வான் வந்தது. வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நாற்பது கிலோமீற்றர்தான். ஆனால் சோதனைச் சாவடிகளை எண்ணித்தான் நேரம் கணக்குப் போட வேண்டும். அன்றைக்கு நான்கு இடத்தில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒழுங்கு: உள்விளக்கைப் போடு, கண்ணாடியை இறக்கு, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பொலிஸ் பதிவுத் துண்டு மூன்றையும் கேட்கும் முன்பே நீட்டு. பொலிஸ் பதிவு என்பது கொழும்புக்கு வெளியே இருக்கிற வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, முத்திரை குத்திய கடதாசியைக் கையோடு வைத்திருக்க வேண்டும். கேட்டபிறகு தேடுகிறவர்களைத்தான் இறக்கி வைப்பார்கள். அதனால் எங்கள் கைகள் தாமாகவே நீளப் பழகிவிட்டன. வான் ஓட்டுநர் சிங்களத்தில் கதைத்தார். அப்பா வாயே திறக்கவில்லை. வேட்டிகூட வேண்டாமென்று காற்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

விமானம் நேரத்துக்குப் புறப்பட்டு எட்டரைக்குத் திருச்சியில் இறங்கியது. ஒரு மணி நேரம்தான். விமான நிலையத்திலிருந்து ஜங்ஷன் ஏழு கிலோமீற்றர், ஓட்டோ நூற்றியிருபது இந்திய ரூபா. பேரம் பேசினால் குறைக்கலாம், நான் பேசவில்லை. முன்பதிவுப் பெட்டியில் இடமில்லை. பொதுப் பெட்டிக்கு ஆளுக்கு எண்பது சொச்சம் ரூபாவில் டிக்கெட் கிடைத்தது. தெற்கிலிருந்து வரும் ரயில் என்பதால் திருச்சியில் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள். அப்பாவுக்கு ஜன்னலோரம், எனக்குப் பக்கத்து இடம். உட்காரும் முன் இரண்டு பேரும் குனிந்து இருக்கைக்குக் கீழே பார்த்தோம். அப்பாவுக்குக் கீழே எதுவும் தெரியாது, ஆனாலும் குனிந்தார். எதிரே இருந்த அம்மா, "என்னம்மா விழுந்துருச்சு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த இரண்டு மணி நேரம் நல்லாகவே இருந்தது. அதை மறைக்கமாட்டேன். பெட்டி முழுக்கத் தமிழ். சத்தமாக, வெட்கமில்லாத தமிழ். கொழும்பு பஸ்ஸில் நாங்கள் ரகசியம் போலக் கதைக்கிற மொழியில் இங்கே கடலை விற்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், கைத்தொலைபேசியில் மைத்துனரைத் திட்டுகிறார்கள். கால்மணி நேரம் போனபிறகுதான் அப்பா குரலை உயர்த்தி என்னிடம் ஒரு சொல் கதைத்தார். காவிரியைத் தாண்டும்போது, "தண்ணி போகுதோ?" என்று கேட்டார். போகுது என்றேன். அண்ணாவுக்கு வாங்கிவந்த பருத்தித்துறை வடையும் கறிக்குப் போடுகிற சரக்குத்தூளும் சூட்கேஸில் பத்திரமா என்று இரண்டு தரம் விசாரித்தார். முகச்சவரம் செய்துகொண்டு வந்த தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பார்க்கப் போவது அவர், ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற மாதிரி ஆயத்தம். நான் கேலி செய்தேன். சிரித்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கிட்ட ரயில் ஒரு சந்தி நிலையத்தில் நின்றது. பெயர் சொல்லமாட்டேன், அந்த ஊர் ஒரு பிழையும் செய்யவில்லை. எதிரே இருந்த அம்மாவும் அவரோடு வந்தவர்களும் இறங்கிப் போனார்கள். இருக்கை காலியாகி ஒரு நிமிடம் இருக்காது. வெளியே பிளாட்பாரத்திலிருந்து ஒரு கை ஜன்னல் கம்பிக்குள்ளால் நீண்டது. கறுத்த ரெக்சின் பை ஒன்றைத் திணித்து, எதிர் இருக்கையில் தொப்பென்று போட்டது. கை போய்விட்டது. முகம் எதையும் நான் காணவில்லை.

"என்ன விழுந்தது?" என்றார் அப்பா.

"பை ஒண்டு."

"ஆர்ரை?"

"தெரியேல்லை. ஒருத்தரும் இல்லை."

அப்பா எழுந்துவிட்டார். "எழும்பு பிள்ளை. இறங்குவம்."

நான் யோசித்தேனா என்று பலர் கேட்டுவிட்டார்கள். யோசிக்கவில்லை. அந்த வருடங்களில் கொழும்பில் ரயிலேறியவர்களுக்குத் தெரியும், ஆளில்லாத பையைக் கண்டால் கால்தான் முடிவெடுக்கும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பின்னாலிருந்து யாரோ, "எம்மா, எதுக்கு எறங்குறீங்க? இடம் போட்டிருக்காங்கம்மா, அவ்ளோதான்!" என்று கத்தியது காதில் விழுந்தது, விளங்கவும் செய்தது. ஆனால் கால் நிற்கவில்லை. இறங்கி, பிளாட்பாரத்தின் மறுகரைக்குப் போய், ஒரு தூணுக்குப் பின்னால் அப்பாவை நிறுத்தினேன். குனிந்து காதைப் பொத்திக்கொண்டார்.

கொழும்பில் என்றால் முழுப் பெட்டியும் எங்களோடு இறங்கியிருக்கும். நீங்கள் யாரையும் கூப்பிடத் தேவையில்லை, ஒருவர் எழுந்தால் போதும். முன்பு அப்பா வேலைக்குப் போகிற காலத்தில் இரண்டு முறை இப்படி இறங்கினார், இரண்டு முறையும் அது யாரோ மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பார்சலாக இருந்தது. அப்போதும் எவரும் சிரிக்கவில்லை. இங்கே இறங்கியது நாங்கள் இரண்டு பேர் மட்டும். திரும்பிப் பார்த்தால், பெட்டிக்குள் ஏறிய ஒரு தடித்த மனிதர் மூச்சிரைக்கப் போய் அந்தப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எதிர் இருக்கையில் அமர்கிறார். பையிலிருந்து ஒரு துவாயை எடுத்து முகத்தைத் துடைக்கிறார். அவ்வளவுதான் அந்தக் குண்டு.

நான் அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடும்போது ரயில் நகரத் தொடங்கிவிட்டது. கண் தெரியாத எழுபத்திரண்டு வயது மனிதரை ஓடும் ரயிலில் ஏற்ற முடியாது. எங்கள் சூட்கேஸ் இருக்கைக்கு மேலே இருந்தது. ஆளில்லாத அந்தச் சூட்கேஸோடு ரயில் சென்னைக்குப் போனது. அதைப் பார்த்து அங்கே ஒருவருமே பயந்திருக்க மாட்டார்கள்.

"ரயில் போட்டுதே?" என்று அப்பா கேட்டார்.

"ஓம்."

"என்ன இருந்தது அதுக்குள்ளை?"

"துவாய்."

அவர் பிளாட்பாரத்து வாங்குப் பலகையில் இருந்துவிட்டார். மணி பன்னிரண்டேகால்தான், இன்னும் பகல் இருக்கிறது என்று மனதைப் பிடித்துக்கொண்டேன். நிலையத்துக்கு வெளியே இருந்த தொலைபேசிச் சாவடியிலிருந்து அண்ணாவின் இந்தியச் சிம்முக்கு எடுத்துச் சொன்னேன். "பரவாயில்லை, ஒரு காரைப் பிடிச்சு வா, அஞ்சரைக்குள்ளை வந்திடலாம்," என்றார். அப்படியே காரைப் பிடித்துப் போயிருக்க வேண்டும். சூட்கேஸ் போனதைச் சொல்லிவிட்டுப் போவோமென்று நிலையத்திலிருந்த பொலிஸ்காரரிடம் போனேன்.

அவர் நல்ல மனிதர். "எந்த ஊரும்மா?" என்றுதான் கேட்டார். நான் கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு மூன்றையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் அவற்றைக் கேட்கவேயில்லை. சாவடியைக் கண்டால் நீளுகிற கை அங்கேயும் நீண்டுவிட்டது.

கடவுச்சீட்டைப் பார்த்தார், பிறகு பதிவுக் கடதாசியை எடுத்து முத்திரையைப் பார்த்தார். "இது என்னம்மா, போலீஸ்னு போட்டிருக்கு? உங்க மேல ஏதாச்சும் கேஸ் இருக்கா?"

"கேஸ் இல்லை சேர். அங்கை எல்லாரையும் பதியிறது."

"எல்லாரையுமா?"

"தமிழாக்கள் எல்லாரையும்."

அவர் என்னையும், தூணில் சாய்ந்திருந்த அப்பாவையும் பார்த்தார். சிலோனிலிருந்து வந்தவர்கள், ரயில் நின்றதும் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கி ஓடியவர்கள், கையில் பொலிஸ் கடதாசி வைத்திருப்பவர்கள். அவர் இடத்தில் நானிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். "ஐயா வரட்டும்மா, ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பிடறோம்," என்றார்.

ஐயா வர இரண்டு மணியானது. எங்களை மரியாதையாகத்தான் வைத்திருந்தார்கள். டீ தந்தார்கள், மின்விசிறியைப் போட்டார்கள். அப்பா ஜன்னல் பக்கமாகத் திரும்பி இருந்தார். வெளிச்சம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். வந்த அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏன் இறங்கினீர்கள்? பைக்குப் பயந்து. பைக்கு எதுக்கும்மா பயம்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு நேரம் எடுத்தது. எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டார். கடைசியில் அந்த அதிகாரியே ஒரு கார்க்காரரைக் கூப்பிட்டு, விமான நிலையம் வரை இரண்டாயிரத்து நானூறு ரூபாவுக்குப் பேசிவிட்டார். அப்போது மணி மூன்றரை.

இருநூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. சாதாரண நாளில் நாலு மணி நேரம் என்றார் ஓட்டுநர். ஆனால் நெடுஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். திண்டிவனத்துக்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்கக் கிண்டிப் போட்டிருந்தது. லொறிகள் வரிசையாக நின்றன. ஆறரைக்கு நாங்கள் செங்கல்பட்டுக்கு இப்பால் ஒரு மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அங்கேதான் வெளிச்சம் போனது. அப்பா கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், தானாகவே ஏற்றிவிட்டார்.

"இனி என்ன," என்றார்.

அப்போதே திரும்பியிருந்தாலும் ஒன்றுதான். ஆனால் குரலாவது கேட்கட்டும், கையையாவது தொடட்டும் என்று எனக்குள் ஒரு பேராசை கிடந்தது. அண்ணா ஓட்டுநரின் தொலைபேசிக்கு எடுத்தபடி இருந்தார். "எங்க சார், இப்பதான் மறைமலைநகர் தாண்டுறோம்," என்று அந்த மனிதரும் சலிக்காமல் பதில் சொன்னார். ஒரு முறை என்னிடம் தரச் சொன்னார் அண்ணா. நான் பேச்சே தொடங்காமல் அழுதுவிட்டேன். அவர் சொன்னார்: "விசரி, ஏன் அழுகிறாய்? நானெண்டாலும் இறங்கியிருப்பன். சுவிஸிலை ட்ராமிலை இண்டைக்கும் கதவுக்குப் பக்கத்திலைதான் நிக்கிறனான்."

விமான நிலையத்தை அடைந்தபோது மணி எட்டு ஐம்பது. எட்டு நாற்பதுக்குக் கவுண்டரை மூடுகிறார்கள் என்று அண்ணா எட்டரைக்குத்தான் உள்ளே போயிருந்தார். பார்வையாளர் சீட்டு வாங்கி உள்ளே போகலாம் என்று நினைத்திருந்தேன். பாதுகாப்புக் காரணங்களுக்காக அந்த வாரம் முழுக்க அதை நிறுத்தியிருந்தார்கள். வாசலில் நின்ற காவலாளியிடம் அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். "ரூல்ஸ்மா," என்றார். அவரை நொந்து பயனில்லை. ஓட்டுநரின் தொலைபேசியில் அண்ணாவிடம் சொன்னேன். குடிவரவுக்குப் போகாமல் கண்ணாடிச் சுவருக்குக் கிட்ட வந்து நிற்கிறேன் என்றார்.

வந்தார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. போகும்போது தலை நிறைய மயிரும், புதிதாக வளர்த்த மீசையுமாகப் போன பொடியன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவருக்குத் தலை முழு வழுக்கை. மீசையைச் சுத்தமாக மழித்திருந்தார். கண்ணுக்குக் கீழே அப்பாவுக்கு இருக்கிற அதே பைகள். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றார். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாவைத் தோளில் பிடித்துத் திருப்பினேன். "அந்தா அப்பா, நேரை. கண்ணாடிக்குப் பக்கத்திலை." உள்ளே குழல்விளக்குகள், வெளியே கார்களின் வெளிச்சம், கண்ணாடி முழுக்க எங்களுடைய நிழல். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினார். பிறகு அவர் முகம் விரிந்தது. நான் காட்டிய பக்கத்திலிருந்து விலகி, இரண்டு மூன்று கண்ணாடி தள்ளி நின்ற ஒரு விமான நிலைய ஊழியரைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார். கறுத்த முடி, அடர்ந்த மீசை, இளம் ஆள். அவர் குழம்பிப் போய், பிறகு மரியாதைக்குத் தானும் கையசைத்தார்.

"கண்டிட்டன்," என்றார் அப்பா. "கண்டிட்டன் பிள்ளை. கை காட்டுறான்."

நான் திருத்தவில்லை. அண்ணாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அப்பா தன் திசையில் கையாட்டுவதாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவரும் ஆட்டினார். ஐந்து நிமிடம் இப்படியே. பிறகு அவர் போக வேண்டியிருந்தது.

சனிக்கிழமை முழுக்க விடுதி அறையில் அப்பா படுத்திருந்தார். நான் எழும்பூருக்குப் போய் விசாரித்தேன். சூட்கேஸ் அங்கே இருந்தது. யாரோ புண்ணியவான் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பூட்டுக்கூட அப்படியே. வடையும் தூளும் ஒரு குறையுமில்லாமல் சென்னைக்கு வந்து சேர்ந்து, எங்களோடு வெள்ளவத்தைக்குத் திரும்பின. ஞாயிறு காலை பஸ்ஸில் திருச்சிக்கு வந்து, பின்னேர விமானத்தில் கொழும்பு. பஸ் ஆறரை மணி நேரம் எடுக்கும். முன் இருக்கை கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த வாசகிக்குப் பதில். விமானத்தில் போங்கள். திருச்சி வழியில் நாலாயிரம் ரூபா மிச்சம், ரயில் பாதை பார்க்க வடிவானது, சனங்கள் நல்லவர்கள், எல்லாம் உண்மை. ஆனால் ரயிலில் வழிநெடுகிலும் கதவு திறந்திருக்கும், நம்மைப் போன்றவர்களுக்கு இறங்கத் தோன்றிக்கொண்டே இருக்கும். விமானத்தில் இறங்க முடியாது. அதுதான் அதிலுள்ள ஒரே நன்மை. ரயிலில்தான் போவீர்கள் என்றால், முன்பதிவு செய்த பெட்டியில் போங்கள். ஜன்னலுக்குள்ளால் பை விழும், அது அங்கே இடம் பிடிக்கிற வழக்கம் என்று தாயாருக்கு முன்பே சொல்லி வையுங்கள். சொல்லிவைத்தாலும் இறங்குவீர்கள் என்றுதான் நினைக்கிறேன். கொழும்பு பொலிஸ் கடதாசியை வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது, கட்டுநாயக்காவில் கேட்பார்கள். இந்தியாவில் இறங்கியதும் பையின் அடியில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் பயணத்தில் ஒருவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், கடைசி நாளில் போகாதீர்கள் என்று சொல்ல ஆசை. எந்த நாளில் போவதென்று முடிவெடுக்கிற நிலையில் நாம் இருந்தால்தானே.

இறங்கியது என் பிழை என்று எழுதினால் மனம் ஆறும் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். எழுதமாட்டேன். நாளைக்கு அதே பை விழுந்தாலும் இறங்குவேன். எங்களை இப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள், இது இனி மாறும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

அப்பாவுக்கு மார்கழியோடு பார்வை முழுதாகப் போய்விட்டது. அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பார். தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைப்பேன். போன கிழமை வழமையான சுகம் விசாரிப்பெல்லாம் முடிந்து, வைக்கப் போகிற நேரத்தில் அப்பா சொன்னார்:

"தம்பி, அண்டைக்குக் கண்ணாடிக்குள்ளாலை வடிவாப் பாத்தனான். நீ அப்பிடியே இருக்கிறாய். தலைமயிர்கூடக் கொட்டேல்லை. அந்த மீசை உனக்கு நல்ல எடுப்பு, அதை மட்டும் வெட்டிப்போடாதை."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் தொலைபேசியை எட்டிப் பார்த்தேன். அறுபடவில்லை.

"வெட்டமாட்டன் அப்பா," என்றார் அண்ணா.